வாசகர் கேள்வி-பதில்: விடை தராமல் போன விண்கலம்

சென்ற இதழில் அறிவியல் புனைவுத் திகில் படங்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே படத்தைச் சுற்றியே இருந்தன: ரிட்லி ஸ்காட் இயக்கி 2012-இல் வெளிவந்த 'ப்ரொமீதியஸ்'. 1979-இல் அவரே இயக்கிய 'ஏலியன்' படத்துக்கு முன்கதையாக வந்தது அது. இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்கவும்: முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன்.

அன்புள்ள அக்கா, நானும் என் தம்பியும் 'ப்ரொமீதியஸ்' பார்த்துக்கொண்டிருந்தோம். மனிதரைப் படைத்த இனத்தைச் சேர்ந்த, உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட அந்த வெள்ளை ராட்சதன் நிமிர்ந்து நிற்கிறான், மனித உருவ இயந்திரமான டேவிட் அவனிடம் அவன் மொழியில் பேசுகிறான், சரியாக அந்த நேரத்தில் லோட் ஷெடிங். அவன் என்ன பதில் சொல்லப்போகிறான் என்று இருட்டில் இரண்டு மணி நேரம் தம்பியோடு வாதாடிக்கொண்டிருந்தேன். மின்சாரம் வந்தது. அவன் பதிலே சொல்லவில்லை. டேவிட்டின் தலையைப் பிய்த்து எறிந்துவிட்டான். நம்மைப் படைத்தவர்கள் நம்மையே ஏன் அழிக்க நினைத்தார்கள் என்று சொல்லாமலே படம் முடிந்தும்விட்டது. "மர்மம் மர்மமாக இருப்பதுதான் அழகு, உனக்கு எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டும்" என்கிறான் தம்பி. என் ஏமாற்றம் தவறா?
— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

தவறே இல்லை. உங்கள் தம்பி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதை இந்தப் படத்துக்குப் பொருத்தியதுதான் சரியில்லை.

மர்மம் மர்மமாகவே நின்று சிறப்பதற்கு அந்த முதல் படத்தையே எடுத்துக்கொள்ளலாம். 'ஏலியன்' வந்த காலத்தில் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பயாஸ்கோப் பார்ப்பதிலும் நிறப்பிரிவினை உண்டு. இந்தியர்களான நமக்கென்று இருந்த கிரே ஸ்ட்ரீட் வட்டாரத் தியேட்டர் ஒன்றில்தான் நான் அதைப் பார்த்தேன். கைவிடப்பட்டுக் கிடக்கும் அந்நியக் கலத்துக்குள் மூன்று பேர் நுழைகிறார்கள். இருக்கையோடு சேர்ந்து வளர்ந்துவிட்டதுபோல் ஒரு பெரும் உருவம் கல்லாகிக் கிடக்கிறது. அதன் விலா எலும்புகள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன. சுவிட்சர்லாந்து ஓவியர் ஹெச்.ஆர். கீகர் வடிவமைத்த உருவம் அது. யார் அது, எங்கிருந்து வந்தது, எங்கே போய்க்கொண்டிருந்தது? படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்த மூவரும் சரக்குக் கலத்து ஊழியர்கள். பார்க்கிறார்கள், திகைக்கிறார்கள், நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் கதைக்கு வேண்டியதை அந்த எலும்புகளே சொல்லிவிட்டன: இந்த உடலுக்குள்ளிருந்து ஏதோ பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு மேசையில் ஒரு மனிதனுக்கு அதுவே நேரும்போது, முன்பு பார்த்தது என்னவென்று சட்டென்று விளங்குகிறது. மற்றதெல்லாம் நம் கற்பனைக்கு விடப்பட்டது. அதில் எந்தக் குறையும் இல்லை. 33 ஆண்டுகள் ரசிகர்கள் அந்த உருவத்தைப் பற்றிப் பேசிப் பேசி மகிழ்ந்தார்கள்.

'ப்ரொமீதியஸ்' அந்த வகை அல்ல. அது புறப்படுவதே ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான். 2089-இல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் எலிசபெத் ஷாவும் சார்லி ஹாலோவேயும் ஒரு குகை ஓவியத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பழைய நாகரிகங்கள் தீட்டி வைத்த அதே விண்மீன் அமைப்பு அதிலும் இருக்கிறது. நம்மைப் படைத்தவர்கள் நமக்கு விட்டுச்சென்ற அழைப்பு என்று இருவரும் நம்புகிறார்கள். அவர்களுக்கு 'என்ஜினியர்கள்' என்று பெயரும் வைத்துவிட்டு, 2093-இல் எல்வி-223 என்ற துணைக்கோளில் போய் இறங்குகிறார்கள். அங்கே இருப்பவை, செத்துக் கிடக்கும் என்ஜினியர்கள், வரிசை வரிசையாகக் கறுப்புத் திரவம் நிறைந்த குடுவைகள், பூமிக்குக் கிளம்ப ஆயத்தமாக நிற்கும் ஒரு கலம். படைத்தவர்கள் ஏன் மனம் மாறினார்கள் என்று ஷா வாய்விட்டே கேட்கிறாள். கடைசிக் காட்சியிலும் அதையே கேட்டுக்கொண்டு, டேவிட்டின் தலையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வேறொரு கலத்தில் ஏறிப் போகிறாள்.

இது பார்ப்பவர் மனத்தில் தானாக எழுந்த கேள்வி அல்ல. கதையே கேட்டு, கதையே நம்மைக் காக்க வைத்த கேள்வி. கேட்ட கதைதான் அதற்குப் பொறுப்பு. உங்கள் தம்பியிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விடை அவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. பில்லியர்ட்ஸ் மேசைக் காட்சியை மறுபடி பாருங்கள். படைத்தவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள், இனிக் கேட்க ஆளில்லை என்று ஹாலோவே குடித்துவிட்டு மனம் நொந்து நிற்கிறான். மனித உருவில் செய்யப்பட்ட இயந்திரமான டேவிட் அவனுக்கு மது ஊற்றிக் கொடுக்கிறான். உங்கள் இனத்தார் என்னை ஏன் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கிறான். செய்ய முடிந்தது, செய்தோம் என்கிறான் ஹாலோவே. உங்களைப் படைத்தவர் உங்களிடம் இதே பதிலைச் சொன்னால் எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று டேவிட் திருப்பிக் கேட்கிறான். குரல் உயரவில்லை, முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. விடைக்காக எவ்வளவு தூரம் போவீர்கள் என்று கேட்டு, எதையும் செய்வேன் என்ற சொல்லை ஹாலோவேயின் வாயிலிருந்தே வாங்கிக்கொள்கிறான். பிறகு விரல்நுனியில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துளியை அந்த மதுவில் தொட்டு நீட்டுகிறான். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் அந்த இடத்தில் நடித்திருப்பது காலத்துக்கும் நிற்கும்.

படைத்தவனுக்குப் படைப்பின்மேல் அக்கறை இல்லை. படைப்பு அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு காட்சி போட்டுக் கொடுத்த பாதையில் நேராக நடந்திருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

இனி நீங்கள் இருட்டில் காத்திருந்த காட்சி. டேவிட் பேசுவது ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழி. இந்திய, ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் மூலமாக ஆய்வாளர்கள் மீட்டுருவாக்கிய மொழி. லண்டன் மொழியியலாளர் அனில் பில்டூ அதைப் படத்துக்காக அமைத்துக் கொடுத்தார். "இவர் சாக விரும்பாததால் வந்திருக்கிறார், நீங்கள் இவருக்கு மேலும் ஆயுள் தர முடியும் என்று நம்புகிறார்" என்பதுதான் டேவிட் சொன்னதன் பொருள். இந்தப் பயணத்துக்குப் பணம் போட்ட கிழவர் பீட்டர் வேலண்டின் ஆசை அது. திரையில் அதற்கு மொழிபெயர்ப்பு போடவில்லை. அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. எங்களை ஏன் வெறுக்கிறீர்கள் என்று ஷா கத்துகிறாள், அவளை அடித்து வீழ்த்துகிறார்கள், அவள் கேள்வியை யாரும் என்ஜினியரிடம் எடுத்துச் சொல்லவே இல்லை. இரண்டு மணி நேரப் படம் எந்தக் கேள்விக்காகப் பயணம் செய்ததோ, அந்தக் கேள்வி உரியவரின் காதில் விழவே இல்லை!

இதே காட்சியின் நீண்ட வடிவம் ஒன்றைப் படமாக்கியிருக்கிறார்கள். வெட்டி எடுத்தபின் டிஸ்க்கில் கூடுதல் காட்சியாகத் தந்தார்கள். அதில் என்ஜினியர் பேசுகிறான். நீயும் நானும் படைப்பவர்கள், கடவுள்கள், கடவுள்களுக்குச் சாவில்லை என்று வேலண்ட் அவனிடம் பெருமை பேசுகிறார். அதைக் கேட்டபின் அவன் கை ஓங்குவதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. முழு விடை இல்லைதான், ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது. அதைப் போய் வெட்டியிருக்கிறார்கள்.

ஒரு படத்துக்காக இவ்வளவு சூடாக வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். எங்கிருந்து வந்தோம், ஏன் அனுப்பப்பட்டோம் என்பது நமக்கு வெறும் கற்பனைக் கேள்வி அல்லவே. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்கு வந்தார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர். என் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் அம்மா வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர். துணைக்கு ஒருவரும் இல்லாத இளம்பெண். ஏன் தனியாகக் கப்பலேறினார், விரட்டினார்களா, ஓடி வந்தாரா? பட்டியலில் அது இல்லை; இனி எங்கும் கிடைக்கப்போவதும் இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அதை எழுதிய குமாஸ்தாவின் மேல் எனக்குக் கோபமில்லை. காரணம் சொல்கிறேன் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அது அவருக்குத் தெரியவும் தெரியாது. கதை எழுதுகிறவரின் நிலை அதுவல்ல. அந்த உலகத்தையே அவர்தான் உண்டாக்குகிறார். என்ஜினியர்களின் மனத்தில் இருந்தது என்ன என்பதை முடிவு செய்யும் அதிகாரம் உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் இருக்கிறது.

அடுத்த படத்திலாவது விடை உண்டா, அக்கா? பார்க்கலாமா, வேண்டாமா?
— ஒரு வாசகி, மெரிபேங்க்

2017-இல் 'ஏலியன்: கவனன்ட்' வந்தது. அதில் டேவிட் என்ஜினியர்களின் நகரத்தின்மேல் அந்தக் கறுப்புத் திரவத்தைக் கொட்டி அங்கிருந்தோர் அத்தனை பேரையும் கொன்றுவிடுகிறான். ஷாவையும் கொன்று, அவள் உடலைத் தன் சோதனைகளுக்குப் பயன்படுத்துகிறான். கேட்கப் போனவளும் இல்லை, சொல்ல வேண்டியவர்களும் இல்லை. உயிருள்ள ஷாவை அந்தப் படத்தில் நாம் பார்ப்பதுகூட இல்லை.

இதற்குச் சமாதானம் சொல்பவர்கள், கதை டேவிட்டுடையதாக மாறிவிட்டது என்கிறார்கள். மாறட்டும். டேவிட் அருமையான பாத்திரம். ஆனால் உள்ளே வளர்ந்த அந்நிய உயிரை எடுக்க வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்ட அதே நாளில் எழுந்து ஓடி, தப்பிக்க வழி கிடைத்தும் பூமிக்குத் திரும்பாமல் விடை தேடிப் போனவள் ஷா. அவளுக்கு ஒரு வரி விடைகூடக் கொடுக்காமல் திரைக்குப் பின்னால் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. டேவிட்டுக்காகப் பாருங்கள், விடைக்காகப் பார்க்காதீர்கள்.

'ப்ரொமீதியஸ்' படத்தில் பயணத்தை மேற்பார்வையிடும் விக்கர்ஸாக நடித்த சார்லிஸ் தெரோன் எங்கள் பெனோனியில் பிறந்தவர். அந்தப் பாத்திரத்தைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை எழுதுவதில்லை. நீங்களாவது எழுதுங்கள்.
— ஒரு வாசகி, ஆக்டன்வில், பெனோனி

மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். இந்தப் படத்திலேயே ஒழுங்காக முடிச்சுப் போட்டு ஒழுங்காக அவிழ்த்த மர்மம் விக்கர்ஸின் அறையில்தான் இருக்கிறது.

விக்கர்ஸின் தங்குமிடத்தில் தானாகவே அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவப் பெட்டி ஒன்று நிற்கிறது. கிடைத்தற்கரிய கருவி. முதலில் பார்க்கும்போது பணக்காரியின் பகட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். பின்னால் ஷா தன் வயிற்றில் வளரும் அந்நிய உயிரை எடுப்பதற்காக அதனிடம் ஓடி வருகிறாள். சிசேரியன் செய்யச் சொல்கிறாள். இந்தக் கருவி ஆண்களுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது என்று அது மறுக்கிறது. அவள் பதறிக்கொண்டே, வயிற்றில் அந்நியப் பொருள் என்று வேறு விதமாகக் கட்டளை கொடுத்து உள்ளே படுக்கிறாள். அந்தக் கணத்தின் பதற்றத்தில், ஒரு பெண்ணின் அறையில் ஆண்களுக்கான கருவி எதற்கு என்று யோசிக்க நமக்கு நேரமில்லை. ரத்தம் வழிய அவள் தள்ளாடி நடந்து ஒரு கதவைத் திறக்கிறாள். இறந்துவிட்டதாக எல்லாரும் நினைத்திருந்த வேலண்ட் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், டேவிட் அவர் காலைக் கழுவிக்கொண்டிருக்கிறான். பெட்டி யாருக்காக வந்தது என்று ஒருவரும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. விக்கர்ஸ் அவருடைய மகள் என்பது தெரியவரும்போது, மகளின் அறையில்கூட மகளுக்கு இடமில்லை என்பதும் சேர்ந்து விளங்குகிறது.

இதே கையால் எழுதியவர்கள்தான் மற்றதைக் கோட்டைவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத மனக்குறை. உருண்டு வரும் கலத்துக்கு நேர் எதிரே ஓடி விக்கர்ஸ் நசுங்கிச் சாவதை வைத்துப் பலரும் கேலி செய்கிறார்கள். பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கலாம்தான். தெரோன் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த விறைப்புக்கும் தனிமைக்கும் இதைவிட நல்ல சாவு கொடுத்திருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் அருவிக்கரையில் கறுப்புத் திரவத்தைக் குடித்து ஓர் என்ஜினியர் கரைந்துபோகிறாரே, அது பூமிதானா?
— ஒரு வாசகர், டோங்காட்

படம்பிடித்தது ஐஸ்லாந்தின் டெட்டிஃபாஸ் அருவியில். கதையில் அது பூமியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எங்கேயாகவும் இருக்கலாம் என்று ஸ்காட் கூறியிருக்கிறார். என் கணக்கில் இது நல்ல வகை மர்மம். தன் உடலைக் கரைத்து உயிரை விதைப்பதுதான் அங்கே முக்கியம். எந்த மண்ணில் என்பது தெரியாததால் எதுவும் குறைந்துவிடவில்லை.

1979 படத்தில் வரும் கலமும் இந்தக் கலமும் ஒன்றா? முன்கதை என்றார்களே!
— ஒரு வாசகர், லெனேசியா

ஒன்றல்ல. இந்தக் கதை நடப்பது எல்வி-223-இல். பழைய கலம் கிடந்தது எல்வி-426-இல். பழைய படத்தில் விமானி தன் இருக்கையிலேயே செத்துக் கிடக்கிறான். இதில் வரும் என்ஜினியர், விக்கர்ஸின் உயிர்காப்புக் கலத்தில் சாகிறான். ஜான் ஸ்பேட்ஸ் முதலில் எழுதிய திரைக்கதை பழைய இடத்திலேயே நடப்பதாக இருந்தது. டேமன் லிண்டெலாஃப் சேர்ந்து திருத்தி எழுதியபோது இடம் மாறியது. ஆக, பழைய விமானி யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கல்லாகிப் போன எலும்புக்கூடு என்று நாம் நினைத்திருந்தது வெறும் கவச உடை என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். யாரும் கேட்காத ஒன்றுக்கு விடை. அதனால் அந்தப் பழைய உருவத்தின் பிரமாண்டம் சுருங்கியதுதான் மிச்சம்.

என்ஜினியர்கள் செத்து 2000 ஆண்டுகள் ஆகின்றன என்று படத்தில் வருகிறதே. இயேசுநாதரின் காலத்தைக் குறிப்பதாக என் தோழி சொல்கிறாள். உண்மையா?
— ஒரு வாசகி, வெருலம்

உங்கள் தோழி வெறும் வாய்க்குச் சொல்லவில்லை. இயேசு என்ஜினியர்களின் தூதராக வந்தவர் என்ற எண்ணம் யோசனையில் இருந்ததாகவும், மிகவும் வெளிப்படையாக இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் ஸ்காட்டே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதை விட்டது நல்லதுதான் என்பது என் அபிப்பிராயம். பலருடைய நம்பிக்கையை ஒரு திருப்பத்துக்காகத் தொட்டிருக்க வேண்டாம். ஆனால் எண்ணத்தை எடுத்துவிட்டு, அதற்காகப் போட்ட 2000 என்ற எண்ணை மட்டும் படத்தில் விட்டுவைத்தார்கள். விடை போனபின் குறிப்பு மட்டும் நிற்கிறது. பார்ப்பவர்கள் அதைத் தோண்டித் தோண்டிக் களைத்துப்போனதற்கு அதுதான் காரணம். பேட்டியில் சொன்னதைக் கதைக்குள் சேர்த்துக்கொள்ள முடியாது. பேட்டியைப் படிக்காமல் தியேட்டருக்கு வந்தவரும் முழுக் காசு கொடுத்துத்தான் டிக்கெட் வாங்கினார்.

குகைக்குள் வழி கண்டுபிடிக்கும் கருவிகளைப் பறக்கவிட்டவரே வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறாரே, இதற்குப் பின்னால் ஏதாவது மர்மம் உண்டா?
— ஒரு மாணவர், பீனிக்ஸ்

இல்லை தம்பி. அது எழுதியவர்களின் கவனக்குறைவு.

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம், அவனும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். விடலாமா, அக்கா?
— ஒரு தாய், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இப்போது வேண்டாம், அம்மா. மேலே நான் சொன்ன அறுவை சிகிச்சைக் காட்சியை, ஷா நினைவோடு இருக்கும்போதே, வயிறு திறப்பது முதல் கம்பித் தையல் போடுவது வரை காட்டுகிறார்கள். பெரியவர்களே கண்ணை மூடிக்கொள்ளும் இடம் அது. அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கொடுத்த சான்றிதழ் 'ஆர்'; பதினேழு வயது ஆகாதவர்கள் அங்கே பெரியவர் துணையில்லாமல் தியேட்டருக்குள் போக முடியாது. மறுத்துவிட்டால் மட்டும் போதாது, கதையை நீங்களே உட்கார்ந்து அவனுக்குச் சொல்லுங்கள். படைத்தவர்கள் ஏன் அழிக்க நினைத்திருப்பார்கள் என்று அவனிடம் கேளுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதில் அபாரமாக யோசிக்க வரும். இரண்டு மூன்று வருடம் போகட்டும். அப்போது 1979 படத்தை முதலில் போட்டுக் காட்டுங்கள், இதை அதற்குப் பிறகு. அதற்கு முன்பே அவன் ஏதாவது நல்ல விடை சொன்னால் எனக்கு எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.